உப்பும் தண்ணீரும் என் கணவரின் இடது காதும்

"காதுல தண்ணி பூந்துட்ட மாதிரி இருக்குது" என்றுதான் அவர் முதலில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார். முந்தின நாள் கிணற்றில் நீந்திக் குளித்திருந்தார். அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தலையை இடது பக்கம் சாய்த்து ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னேன். குதித்தார். துணியைத் திரித்து விட்டுப் பார்த்தேன். காய்ந்த துணியாகவே வெளியே வந்தது. இரண்டு நாளில் அடைப்பு தானாகப் போய்விட்டது. பத்து நாள் கழித்து மறுபடி வந்தது. இந்தத் தடவை உள்ளே சத்தமும் கேட்கிறது என்றார்.

"இன்னா சத்தம்?"

"டிரான்ஸ்பார்மர் பக்கத்துல நின்னா கேக்குமே, ம்ம்ம்னு. அது மாதிரி."

அவர் கரண்ட் ஆபீசில் லைன்மேன். அறுபதுகளின் நடுவில் செஞ்சியைச் சுற்றி ஊர் ஊராகக் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை போடுகிறவர்களும் நெல் போடுகிறவர்களும் மோட்டார் வைக்க மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். விடிந்தால் கம்பம், பொழுது போனால் வீடு என்று அவர் இருந்தார். முப்பத்தேழு வயது. காய்ச்சல் தலைவலி என்று ஒரு நாள் படுத்தவரில்லை. வீடு செஞ்சியில், நான் பக்கத்துச் சிங்கவரத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. எங்களுக்கு அப்போது ஒரு பெண் குழந்தை, இன்னொன்று வயிற்றில்.

காதில் கேட்கிற சத்தத்துக்காக யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. நாங்களும் போகவில்லை.

ஒரு நாள் காலை, இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். புல்லுக்கட்டைத் தலையில் வைத்தபடியே ஓர் அம்மாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், உங்க ஊட்டுக்காரரு கம்பத்து மேல ஒரு மாதிரியா இருக்காருங்க. கூப்பிட்டா பேச மாட்டேங்கறாரு."

சாக்பீஸ் கையோடு ஓடினேன். பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் புதிதாக லைன் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கம்பத்தின் உச்சியில், இடுப்பு பெல்ட் கம்பத்தைச் சுற்றிப் பூட்டியிருக்க, அவர் இரண்டு கையாலும் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். நெற்றியைக் கம்பத்தில் அழுத்தி வைத்திருந்தார். கண் மூடியிருந்தது. கம்பத்தின் மேல் வாந்தி வழிந்திருந்தது. கீழே அவரோடு வேலை செய்கிற தோழர் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அவர் என் கணவரைவிடச் சின்னவர். அண்ணே அண்ணே என்று பழகுகிறவர்.

"கரண்ட் இல்லீங்க அண்ணி, லைன் இன்னும் குடுக்கல. அதைப் பத்தி பயமில்ல. ஆனா எறங்க மாட்டேங்கறாரு."

நான் கூப்பிட்டேன். "ஏங்க! இங்க பாருங்க, நான் வந்திருக்கேன்."

கண்ணைத் திறக்காமலே சொன்னார். "கம்பம் சுத்துது. யாரும் கம்பத்தைத் தொடாதீங்க."

யாரும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. இருந்தாலும் தோழர் இரண்டடி பின்னால் போனார். நானும் போனேன். அங்கே கூடியிருந்த ஏழெட்டுப் பேரும் போனார்கள். அவர் விழுந்தால் பிடிப்பதுபோல நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றிருந்தேனாம், அப்புறம் சொன்னார்கள். அந்த உயரத்திலிருந்து விழுகிற ஆளை எந்தக் கை பிடிக்கும்? அது எனக்கும் தெரியும். ஆனால் கையைக் கீழே இறக்க மனம் வரவில்லை.

ஒரு பீரியட் நேரம் அப்படியே போயிற்று. பிறகு தோழர் மெதுவாக ஏறி அவருக்குக் கீழே நின்றுகொண்டு, பெல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, அவர் பாதத்தைக் கையால் பிடித்து ஒவ்வொரு படியாக வைத்தார். தரைக்கு வந்த பிறகும் அவர் கம்பத்தை விடவில்லை. அதன் அடியைக் கட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தார். கண்ணைத் திறந்தபோது நான் பயந்துபோனேன். கருவிழி இரண்டும் ஒரு பக்கமாக ஓடி ஓடித் திரும்பின.

"நீ ரெண்டா தெரியற" என்றார். பிறகு, "இல்ல, நிக்கவே மாட்டேங்கற" என்றார்.

அன்றைக்கே ஆபீசில் அவரைக் கம்பம் ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பள்ளம் தோண்டுகிற, கம்பி இழுக்கிற கூட்டத்தில் போட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள்.

அதற்குப் பிறகு மாதம் இரண்டு மூன்று தடவை வந்தது. இன்ன நேரம் என்றில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வரும். செருப்பு மாட்டும்போது வரும். முதலில் இடது காது அடைத்துக்கொள்ளும், சத்தம் ஏறும், அவர் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வை வந்ததும் நான் பாயை விரிப்பேன். தரையில் குப்புறப் படுத்து, தரையே நழுவிப் போவதுபோல் இரண்டு உள்ளங்கையையும் பரப்பி வைத்துக்கொள்வார். தலையைத் துளி அசைத்தால் வாந்தி. மூத்தவள் சத்தம் போட்டு விளையாடினால் பல்லைக் கடிப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நெற்றியைத் தொட்டால் கையை எடு என்பார். எடுத்தால் எங்கே போய்விட்டாய் என்பார். இரண்டு மணி, மூன்று மணி நேரம். பிறகு வேர்த்து விறுவிறுத்து எழுந்து உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காததுபோல் பசிக்கிறது என்பார்.

பித்தம் என்றார்கள். இஞ்சிச் சாறு கொடுத்தேன். மாதாவுக்கு நேர்ச்சை பாக்கி வைத்திருக்கிறீர்களா என்று கோயிலில் ஒருவர் கேட்டார். செஞ்சி டாக்டர் இரண்டு மாதம் ஊசி போட்டுப் பார்த்துவிட்டு, "இது தலை இல்லம்மா, காது. பாண்டிச்சேரியில காதுக்குன்னே ஒரு டாக்டர் இருக்காரு, போய்ப் பாருங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பாண்டிச்சேரி டாக்டர் வயதானவர். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் படித்தவர். கவட்டை போன்ற ஓர் இரும்பைத் தட்டி நெற்றியிலும் காதருகிலும் வைத்து, எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்டார். பிறகு அவரைப் படுக்க வைத்து, காதில் ஜில்லென்ற தண்ணீரைக் கொஞ்சம் விட்டு, கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கருவிழிகள் ஓட ஆரம்பித்தன. இவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "இப்படித்தானே வருது?" என்று டாக்டர் கேட்டார். இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

நோய்க்கு ஒரு பிரெஞ்சு டாக்டரின் பெயரை வைத்திருக்கிறார்களாம். சொன்னார். என் நாக்கில் அது நிற்கவில்லை. நான் டீச்சர் என்று தெரிந்ததும் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார்.

"காது கேக்கறதுக்கு மட்டும் இல்லம்மா. நாம நேரா நிக்கறதும் அதாலதான். உள்ள நத்தைக்கூடு மாதிரி ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள பை, பைக்குள்ள தண்ணி மாதிரி ஒரு நீர். அது எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவு இருந்தா ஒண்ணும் இல்ல. உங்க வீட்டுக்காரருக்கு அது கூடிப்போகுது. பை வீங்குது, காது அடைக்குது, இரைச்சல் வருது. ரொம்ப மிஞ்சினா, அசையாம இருக்கறப்பவே சுத்தற மாதிரி மூளைக்குச் சேதி போகுது."

"ஏங்க டாக்டர் கூடுது?"

"தெரியலம்மா."

அவர் அப்படி நேராகச் சொன்னது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரியாது என்று சொல்லுகிற டாக்டரை நான் அதுவரை பார்த்ததில்லை.

"உப்பு இருக்கே, அது உடம்புல தண்ணியைப் பிடிச்சு வைக்கும். அதனால உப்பைக் குறைங்க. நல்லா குறைங்க. ஊறுகாய், கருவாடு, அப்பளம் எதுவும் வேணாம். நீர் பிரியறதுக்கு ஒரு மாத்திரை எழுதறேன். உடம்புல தேங்கற தண்ணி குறைஞ்சா காதுலயும் குறையும்னு ஒரு நம்பிக்கை."

"நம்பிக்கைன்னா?"

"சில பேருக்குக் கேக்குது. சில பேருக்குக் கேக்கறதில்ல."

தேங்குகிற தண்ணீர் குறைய வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது திண்டிவனத்தில் பஸ் மாற வேண்டும். பாதி வழியிலேயே அவர் என்னைப் பார்த்தார், அந்தப் பார்வை. காதில் தண்ணீர் விட்டதனாலோ பஸ் குலுக்கலாலோ, இதுவரை வந்ததிலெல்லாம் பெரிதாக வந்தது. திண்டிவனத்தில் இறங்கும்போது படியில் கால் வைக்கத் தெரியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டடி நடந்து, பக்கவாட்டில் சாய்ந்து, பஸ் சக்கரத்தின் மேலேயே வாந்தி எடுத்தார்.

இப்போது இருக்கிறவர்களுக்கு இது புரியாது. அப்போது நம் மாநிலத்தில் மதுவிலக்கு. பாண்டிச்சேரியில் இல்லை. பாண்டிச்சேரி பஸ்சிலிருந்து தள்ளாடி இறங்கி வாந்தி எடுக்கிற ஆளை எல்லோரும் ஒரே மாதிரிதான் பார்ப்பார்கள். சிவப்புத் தொப்பி வைத்த ஒரு போலீஸ்காரர் நிதானமாக எங்களை நோக்கி நடந்து வந்தார்.

"எத்தினி போட்ட?"

"ஐயா, அவர் குடிக்கலைங்க. அவருக்குக் காதுல கோளாறு."

"காதுலயா ஊத்திக்கினாரு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு வெள்ளரிக்காய்க்காரி சிரித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் டாக்டர் சீட்டைக் காட்டினேன். அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார். பிறகு லத்தியால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார்.

"இதுல நேரா நட. நடந்துட்டா ஊட்டுக்குப் போ."

"ஐயா, அவரால முடியாதுங்க" என்றேன். அதற்குள் என் கணவர் என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். கோட்டைப் பார்த்தார். காலை எடுத்து வைத்தார். இரண்டாவது அடியில் யாரோ தள்ளிவிட்டதுபோல் இடது பக்கமாக விழுந்தார்.

அழைத்துக்கொண்டு போனார்கள். அன்று பிடிபட்ட நாலைந்து பேரோடு சுவர் ஓரமாக உட்கார வைத்தார்கள். சட்டையெல்லாம் வாந்தி. நான் வாசலில் நின்றேன். ஐந்து மாதக் கர்ப்பம் எனக்கு. போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சீட்டை நீட்டினேன். என் சத்தம் எனக்கே பிச்சைக்காரியின் சத்தம்போல் கேட்டது. மூன்று மணி நேரம் கழித்து, குடித்தவர்களைச் சோதித்துச் சான்று எழுதுகிற டாக்டரிடம் கொண்டுபோனார்கள். அவர் வாயை முகர்ந்து பார்த்தார், கண்ணைப் பார்த்தார், சீட்டைப் படித்தார். "இந்த ஆளை ஏன்யா கூட்டியாந்த? இவரை விடு" என்றார். அவ்வளவுதான். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

செஞ்சி பஸ்சில் ஏறினோம். கோட்டை மலை தெரிந்த பிறகு அவர் ஒன்றே ஒன்று சொன்னார்.

"நடந்துடலாம்னுதான் பார்த்தேன்."

வீட்டுக்கு வந்த அன்றே உப்புச் சட்டியை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். குறையுங்கள் என்றுதான் டாக்டர் சொன்னார். நான் அடியோடு நிறுத்தினேன். திண்டிவனத்தில் நின்ற அந்த மூன்று மணி நேரத்தை எதன் மேலாவது காட்ட வேண்டியிருந்தது. உப்பு கையில் அகப்பட்டது. அவருக்குத் தனியாக ஆக்கவில்லை. நானும் உப்பில்லாமல்தான் சாப்பிட்டேன், குழந்தைக்கு மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சிட்டிகை வாங்கிவந்து போடுவேன். உப்பில்லாத கேழ்வரகுக் கூழை முதல் நாள் வாயில் வைத்ததும் அவர் அப்படியே நிறுத்தி, விழுங்குவதா துப்புவதா என்று யோசித்தார்.

"செவுத்துக்கு அடிக்கலாம் போல இருக்குது, டீச்சரம்மா."

கிண்டல் செய்யும்போது என்னை அப்படித்தான் கூப்பிடுவார். ஆனால் விழுங்கினார்.

மாத்திரையை ஒரு வேளை விடாமல் கொடுத்தேன். தண்ணீரையும் குறைத்தேன். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தேங்குகிற தண்ணீர் குறைய வேண்டும் என்றால் குடிக்கிற தண்ணீர் குறைய வேண்டும் என்று நானாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். ஒரு நாளைக்கு நாலு செம்பு. காலை ஒன்று, வேலைக்குக் கொண்டுபோக இரண்டு, சாயங்காலம் ஒன்று. தோழரைக் கூப்பிட்டு, "தம்பி, இவர் கேட்டாலும் மேல தண்ணி குடுக்காதீங்க, இது டாக்டர் உத்தரவு" என்றேன். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் தலையாட்டினார்.

ஆச்சரியம் என்னவென்றால், மயக்கம் நின்றது. ஒரு மாதம் வரவில்லை. இரண்டு, மூன்று மாதம் வரவில்லை. இரண்டாவது பெண் பிறந்தாள். ஞானஸ்நானத்தன்று நான் கோயிலின் பின்பக்கம் நின்றிருந்தேன், அவர் என் பக்கத்தில். அந்தக் காலத்து வழக்கப்படி சாமியார் லத்தீனில் ஏதோ சொல்லிவிட்டு, குழந்தையின் நாக்கில் ஒரு துளி உப்பு வைத்தார். குழந்தை முகத்தைச் சுளித்தது. அவர் என் காதருகில் குனிந்து, "அவளுக்குக் கெடைக்குது பாரு" என்றார். கோயிலில் சிரிக்கக் கூடாது என்று நான் முந்தானையைக் கடித்துக்கொண்டேன். அந்த வருஷத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்று ஒரு நாள்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் அவர் காக்கிச் சட்டையைத் துவைக்க எடுத்தபோது, பையில் பேப்பரில் மடித்த ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தால் கல்லுப்பு. பத்துப் பன்னிரண்டு கல் இருக்கும். எனக்கு அப்படி ஒரு கோபம். அவர் முன்னால் கொண்டுபோய் நீட்டினேன்.

"இன்னா இது? மறுபடி திண்டிவனத்துல போய் உக்காரணுமா?"

பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கி, அவரே கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்தார். இன்னொரு லைன்மேன் பெண்டாட்டியாக இருந்தால், கணவன் கேட்காமலே உப்பைத் தேடுகிறான் என்றால் உடம்பு கேட்கிறது என்று நினைத்திருப்பாள். நான் அதை ஒழுங்கீனம் என்று நினைத்தேன்.

கத்திரி வெயில் வந்தது. மூன்று பக்கமும் பாறை மலை இருக்கிற ஊரில் வெயில் பொழுது சாய்ந்தாலும் போகாது, கல் விடிய விடியக் கக்கும். அவரை அப்போது தொண்டூர்ப் பக்கம் பள்ளம் தோண்டப் போட்டிருந்தார்கள். ஓரடி தோண்டினால் பாறை. கடப்பாரையால் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். வீட்டுக்கு வரும்போது சட்டை விறைத்து நிற்கும், முதுகில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அதை நானே துவைத்தேன். கண்ணால் பார்த்தேன். எனக்கு உறைக்கவில்லை. கெண்டைக்கால் இழுக்கிறது என்றார். தைலம் தேய்த்துவிட்டேன். தலை பாரமாக இருக்கிறது என்றார். மயக்கம் வரவில்லையே, அது போதும் என்றேன்.

கோடை விடுமுறை என்பதால் நான் வீட்டில் இருந்தேன். மத்தியானம் தோழர் சைக்கிளில் வந்து இறங்கினார். முகமே சரியில்லை.

"அண்ணி, அண்ணன் விழுந்துட்டாரு. மல்லாட்டை ஏத்தின லாரியில போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கோம்."

"மயக்கமா? வாந்தியா?"

"அது இல்லீங்க. இது வேற மாதிரி. பேச்சே கொழறுது."

கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். பெஞ்சில் படுத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தது, ஆனால் நான் யார் என்று அந்தப் பார்வையில் இல்லை. "பெல்ட்டை எடுத்துக்குனு வா" என்று என்னிடம் சொன்னார். கால் இரண்டும் இழுத்து இழுத்து வெட்டின. செஞ்சி டாக்டர் அவர் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். கிள்ளின தோல் அப்படியே நின்றது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறாரு?"

"நாலு செம்புங்க."

"இந்த வெயில்ல பள்ளம் தோண்டற ஆளா? யாரு சொன்னது?"

வாசலில் நின்ற தோழர்தான் சொன்னார். "டீச்சர் சொன்னாங்க, டாக்டர் உத்தரவுன்னு. இன்னைக்குக்கூட கேட்டாருங்க. நான் குடுக்கல." சொல்லிவிட்டு அழுதார். முப்பது வயது ஆண்பிள்ளை, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு கண்ணாடி பாட்டிலைக் கொண்டுவந்து தலைக்கு மேல் கட்டித் தொங்கவிட்டார். ஊசி கை நரம்பில் ஏறியது.

"அது இன்னாங்க டாக்டர்?"

"உப்புத் தண்ணி" என்றார்.

நான் பெஞ்சின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு மாதமாக ஒரு கல்லைக்கூட விடாமல் நான் அவரிடமிருந்து பிடுங்கி வைத்தது, சொட்டுச் சொட்டாக உள்ளே போவதைப் பார்த்தேன். சாயங்காலம் அவர் என்னைப் பார்த்து, "கொழந்தை பால் குடிச்சுதா?" என்று கேட்டார். புத்தி திரும்பிவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

மூன்றாம் நாள் காது அடைத்தது. நாலாம் நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே, எட்டு மாதம் வராமல் இருந்ததெல்லாம் சேர்த்து வைத்ததுபோல் மயக்கம் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்தச் சொல்லு, யாரையாவது நிறுத்தச் சொல்லு" என்றார். தண்ணீரும் உப்பும் இல்லாமல் இருந்தால் உயிர் போகப் பார்க்கிறது. இருந்தால் உலகம் சுற்றுகிறது. யாரிடம் போய் என்ன சொல்லி நிறுத்துவது?

மறுபடி பாண்டிச்சேரி போனோம். நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. கிழவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"தண்ணியைக் குறைக்கச் சொன்னேனாம்மா நான்?"

"இல்லீங்க."

"தண்ணி குறைஞ்சா உடம்பு பயந்துபோய் இருக்கறதைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கணும், அதுதான் முக்கியம். தாகத்துக்குக் குடிக்கட்டும். வேர்த்தா இன்னும் குடிக்கட்டும். உப்பு கொஞ்சம் இருக்கட்டும், தினமும் அதே கொஞ்சம். வெயில்ல வேலை செய்யற நாள்ல இந்த மாத்திரை வேணாம்." பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நான் அவர் என்ன வேலை செய்யறார்னு கேட்டிருக்கணும்" என்றார்.

தினமும் ஒரே மாதிரி. அதைச் செய்ய முடிகிறவர் யார்? ஒரு நாள் பள்ளம், ஒரு நாள் ஆபீஸ். ஒரு நாள் மழை, ஒரு நாள் தீ. நான் ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். என்ன சாப்பிட்டார், எத்தனை செம்பு, எவ்வளவு வேர்வை, மயக்கம் வந்ததா, காது எப்படி. ஒரு வருஷத்துக்கு மேல் எழுதினேன். பக்கத்தைப் புரட்டிப் புரட்டி ஏதாவது ஒழுங்கு தெரிகிறதா என்று தேடுவேன். கல்யாண வீட்டில் வடையும் ஊறுகாயும் சாப்பிட்டுவிட்டு வந்து பதினைந்து நாள் நன்றாக இருப்பார். அளந்து அளந்து கொடுத்த வாரத்தில் இரண்டு தடவை விழுவார். கடைசியில் நோட்டை மூடி வைத்துவிட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை.

பிறகு நோய் தானாகவே ஒரு முடிவுக்கு வந்தது. இடது காதில் சத்தம் கூடிக்கொண்டே போய், கேட்பது குறைந்துகொண்டே வந்தது. முதலில் அடித்தொண்டைப் பேச்சு போயிற்று. பிறகு குழந்தைகள் பேச்சு. நாலாவது வருஷ முடிவில் அந்தக் காதில் ஒன்றுமே இல்லை. மயக்கமும் வருவதை நிறுத்திவிட்டது. டாக்டர் கவட்டை இரும்பை இடது காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "அது தன் வேலையை முடிச்சுடுச்சு. இனிமே தொந்தரவு இருக்காதுன்னு நினைக்கிறேன்" என்றார்.

"உப்பைக் குறைச்சதால நின்னுச்சுங்களா, டாக்டர்?"

"இருக்கலாம்."

"குறைக்கலைன்னாலும் நின்னிருக்குமா?"

"அதுவும் இருக்கலாம்மா."

பஸ்சில் அவருடைய வலது பக்கம் உட்கார்ந்துகொண்டேன். மூன்று வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"தொண்டூர்ல அவ்வளவு கிணறு இருந்துச்சே. மோட்டார் கொட்டாய்ல தண்ணி கொட்டிக்கினு இருந்திருக்கும். நான் ஊட்டுல இருக்கேன், எனக்கு எப்படித் தெரியப்போவுது? ஏன் குடிக்கல நீங்க?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ அவ்வளவு உறுதியா சொன்னியே" என்றார். "டாக்டரே தெரியலன்னுட்டாரு. ஒருத்தருக்காவது இது இன்னான்னு தெரியுதேன்னு இருந்துச்சு."

எனக்கும் தெரியாது என்று அப்போது சொன்னேன். சொல்லும்போது பஸ் ஒரு பாலத்தில் ஏறிக் கடகடவென்று சத்தம் போட்டது. அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. திரும்பி, "இன்னா?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன்.

அதற்குப் பிறகு பதினேழு வருஷம் அவர் ஆபீசில் உட்கார்ந்து, எந்த ஊரில் கரண்ட் இல்லை என்று வருகிறவர்கள் சொல்வதை ரிஜிஸ்டரில் எழுதினார். கம்பம் ஏறவில்லை. நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். இடது பக்கமாக நின்று கூப்பிட்டால் மட்டும் திரும்ப மாட்டார். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைத் திமிர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவரும் காது கேட்காது என்று யாரிடமும் சொல்ல மாட்டார்.